மூன்று நாள் கூடாரம், ஒரு பூஜ்யம்

தெற்குக் கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில் எங்கள் வீட்டைத் துணியால் மூடி, கரையானுக்குப் புகை போட்டுக் கொடுத்த கம்பெனிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. முதல் இரண்டு நாள் வேலைக்கு நான்கே கொடுத்திருப்பேன். மூன்றாம் நாள் அரை மணி நேர வேலையில் ஒன்றரை போய்விட்டது.

கம்பெனி பேரைக் கேட்டுத் தனியாக எழுத வேண்டாம். இங்கே வீட்டைச் சோதித்து விலை சொல்வது ஒரு கம்பெனி. அவர்களிடம் வேலை வாங்கிக் கூடாரம் போட்டு வாயு விடுவது இன்னொரு கம்பெனி. இரண்டு வேலைக்கும் உரிமமே வேறு வேறு. யாருடைய பிழை எங்கே முடிந்து யாருடையது எங்கே தொடங்கியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது தெரியாமல் ஒருத்தர் பிழைப்பில் கை வைக்க மனசில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது அம்மா. ஆகஸ்டில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாள். 74 வயது, லேசான இழுப்பு உண்டு, கையில் எப்போதும் துடைப்பம். "கராஜ் சன்னல்கிட்ட தினமும் கசகசா கொட்டிக் கிடக்கே, இங்க யாரு குருமாவுக்கு அரைக்கா?" என்று கேட்டாள். மண் என்று நினைத்து இரண்டு வாரம் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் பையன் செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துக் காட்டினான். ஒவ்வொன்றும் ஆறு பட்டை தீட்டிய மணி மாதிரி இருந்தது. கரையானின் எச்சம்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், நல்ல வெயில், பையன் அறைச் சன்னல் கண்ணாடியில் ஈசல். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. ஊரில் மழை பெய்து ஓய்ந்த அந்தியில், விளக்கைச் சுற்றித்தான் ஈசல் வரும். பிடித்து, இறக்கையைப் புடைத்து, பொரியரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை அவள். "மழையும் இல்ல, ராத்திரியும் இல்ல. கரையான்னா மண்ணு இருக்கணும்லா, புத்து எங்கட்டி?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நம் ஊர்க் கரையான் மண்ணிலிருந்து ஏறி வரும், மண்குழாய் கட்டும். அதனால்தான் அங்கே சுவரோரமாகத் தரையில் ஓட்டை போட்டு மருந்து ஊற்றுகிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் வீட்டு மரத்தைத் தின்பதில் முக்கியமான ஆள் டிரைவுட் டெர்மைட், உலர்மரக் கரையான். அதற்கு மண்ணும் வேண்டாம், தனியாகத் தண்ணீரும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தி, எச்சத்தை மட்டும் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே தள்ளும். தரையில் எதை ஊற்றினாலும் அதற்குச் சேதி போகாது. 1967 வரை இந்த ஊருக்குப் பேரே டெய்ரி வேலி. மாட்டுப் பண்ணைகள் இருந்த இடத்தில் எழுந்த மர வீடுகளில் ஒன்று எங்களுடையது. சுவருக்குள், கூரைக்குள், எங்கும் மரச்சட்டம்தான்.

சோதிக்க வந்தவர் மூன்று இடத்தில் காட்டினார்: கராஜ் உத்தரம், பையன் அறைச் சன்னல் சட்டம், கூரைக்கு அடியில் இரண்டு சட்டங்கள். மரத்துக்குள் ஆரஞ்சுத் தோல் எண்ணெயை ஊசியால் ஏற்றலாமா என்று கேட்டேன். தெரிந்த இடத்தில் மட்டும் சாகும், தெரியாத இடத்தில் இருப்பது அப்படியே இருக்கும் என்றார். வெப்பம் ஏற்றுவது இன்னொரு வழி. மரத்தின் உள்ளே 120 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும். எங்கள் கூரை இருக்கும் லட்சணத்தில் அதற்கு உறுதி தர மாட்டேன் என்றார். கடைசியில் கூடாரம்தான். 3,000 டாலர் சொன்னார், என் வீட்டுக்காரர் பேசி 2,850-க்கு இறக்கினார். இரண்டு வருட உத்தரவாதம்.

நான் கணக்காளர். பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. குடியிருப்பவருக்கான அறிவிப்பு என்று ஒரு தாள் தருவார்கள். கலிஃபோர்னியாவில் அது கட்டாயம். வாயுவின் பேர் அதில் இருந்தது. சல்ஃப்யூரில் ஃப்ளூரைடு. வைகேன் என்ற பேரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து விற்கிறார்கள். முன்பு இதே வேலைக்கு மெத்தில் புரோமைடையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்திய பிறகு கூடாரத்துக்குள் இதன் ராஜ்ஜியம்தான். புகை என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே தவிர, சாம்பிராணி மாதிரி கண்ணுக்குத் தெரிகிற புகை கிடையாது. நிறம் இல்லை, வாசனை இல்லை. காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். மூச்சில் அதிகமாகப் போனால் நரம்பு மண்டலத்தையும் நுரையீரலையும் தாக்கும்: குமட்டல், வாந்தி, கைகால் மரத்துப் போதல், பேச்சுக் குழறல், நுரையீரலில் நீர் கோத்தல். தாளின் கீழே இன்னொரு வரி இருந்தது. 24 மணி நேரத்துக்குள் சளிக்காய்ச்சல் போன்ற அறிகுறி தெரிந்தால் மருத்துவரையோ நச்சுத் தடுப்பு மையத்தையோ கூப்பிடுங்கள் என்று. நவம்பரில் சளிக்காய்ச்சல் இல்லாத வீடு எது? இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது போல.

இனி எங்கள் அடுக்களைக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பெனியின் துண்டுப் பிரசுரம் தமிழர் வீட்டு அடுக்களையைப் பார்த்தவர் எழுதியது அல்ல.

திறக்காத தகர டப்பா, முத்திரை உடையாத கண்ணாடி, பிளாஸ்டிக் பாட்டில் தவிர, வாயில் போகிற எதுவும் வீட்டில் அப்படியே இருக்கக்கூடாது. ஒன்று வெளியே எடுத்துப் போக வேண்டும், அல்லது நைலோஃப்யூம் என்கிற தனிப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். குளிர்ப்பெட்டிக்குள் இருப்பதும் சேர்த்தி. மாத்திரை மருந்தும் சேர்த்தி. சாதாரணப் பிளாஸ்டிக் பையும் டப்பர்வேரும் இந்த வாயுவைத் தடுக்காது. இங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குப் பத்துப் பை போதுமாம். எனக்கு எண்ணிப் பார்த்ததில் 63 டப்பா. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, அம்மா ஊரிலிருந்து இடித்துக் கொண்டுவந்த சாம்பார்ப் பொடி, எள்ளுப்பொடி, கூழ்வற்றல், சுண்டவற்றல், மோர்மிளகாய், மாவடு ஒரு ஜாடி, நார்த்தங்காய் ஒரு ஜாடி. அரிசி இருபது பவுண்டு மூட்டை இரண்டு. மூட்டை தைத்தபடியே இருந்தாலும் அது சாக்கு, மூடின டப்பா ஆகாது. இரண்டையும் ஆர்ட்டீசியாவில் சிநேகிதி வீட்டுக் கராஜுக்கு ஏற்றிவிட்டோம்.

இட்லி மாவை அம்மா பையில் கட்டப் பார்த்தாள். மாவு பொங்கிப் பை வெடித்துவிடும் என்று தடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தோம். அந்தக் கொரியப் பாட்டி அதை என்ன செய்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

பூஜை அலமாரியில்தான் சிக்கல். விபூதி உணவு இல்லை. ஆனால் அம்மா நெற்றியில் இட்டதும் ஒரு சிட்டிகை நாக்கில் போடுவாள். அப்படியானால் அது பையில் போக வேண்டியதுதான். திருச்செந்தூர் இலை விபூதியை முருகன் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து மோர்மிளகாயோடு சேர்த்து ஒரே பையில் கட்டினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நெருப்பு, கேஸ் அடுப்பில் அணையாமல் எரியும் பைலட் சுடர், சூடான கம்பி எதுவும் கூடாது, அந்தச் சூட்டில் வாயு உடைந்து உலோகத்தையும் கண்ணாடியையும் அரிக்கும் அமிலமாகிவிடும் என்பதால் விளக்கும் எரியக்கூடாது. "விளக்கை அணைச்சிடும்மா" என்றேன். "குளிர வைன்னு சொல்லு" என்று திருத்தினாள்.

பைகளைப் பொறுத்தவரை கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் 30 கொடுத்தார்கள். போதவில்லை என்றதும் மறுநாளே இன்னும் 60 வந்தது, கூடுதல் காசு கேட்கவில்லை. தண்ணீர் புகாத உறை போட்ட மெத்தையின் உறையைக் கழற்றச் சொல்லியும், அலமாரி, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லியும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை நினைவுபடுத்தினார்கள். செடிகளை மட்டும் மறந்துவிட்டார்கள். சுவரை ஒட்டி நிற்கும் செடியை விலக்கிக் கட்டி, மண்ணை நன்றாக நனைத்து வைக்க வேண்டும், அப்போதுதான் வேருக்கு வாயு போகாது. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரிந்தது. கறிவேப்பிலைத் தொட்டியைப் பின்வேலி ஓரம் தள்ளிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குக் குழாய் பிடித்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு பேர் வந்தார்கள். கூரைமேல் ஏறி நீலமும் மஞ்சளும் பட்டை போட்ட துணியை விரித்து, விளிம்புகளைச் சுருட்டிக் கிளிப் போட்டு, தரையோரம் மணல் பாம்பு, அதாவது மணல் அடைத்த நீளப் பை, வைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அழகான வேலை. "கோயில் கொடைக்குப் பந்தல் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. வாசலில் மண்டையோடு போட்ட பலகை மாட்டிய பிறகு அப்படிச் சொல்லவில்லை. கேஸ் இணைப்பு மூடியாயிற்று. எங்கள் பூட்டுக்கு மேலே அவர்கள் ஒரு பூட்டு. உள்ளே யாரும் இல்லை என்று அறை அறையாகப் போய்ப் பார்த்த பிறகு முதலில் விடுவது குளோரோபிக்ரின் என்கிற கண்ணீர் வாயு, முதல் உலகப் போரில் வீசியது. வாசனையில்லாத வாயுவுக்கு அதுதான் காவல் நாய். தப்பித்தவறி யாராவது உள்ளே இருந்தால் கண் எரிந்து வெளியே ஓடிவர வேண்டும் என்பதற்காக. அதன் பிறகுதான் உருளையிலிருந்து அசல் வாயு.

அளவு வீட்டின் கொள்ளளவு, வெப்பநிலை, எத்தனை மணி நேரம் மூடி வைப்பது, என்ன பூச்சி என்பதைப் பொறுத்தது. மூட்டைப்பூச்சிக்கு இதைவிட அதிகம் வேண்டும், சில மர வண்டுகளின் முட்டைக்குப் பத்து மடங்கு. உலர்மரக் கரையானுக்கு அவ்வளவு தேவையில்லை. முட்டை பிழைத்தாலும் பொரித்து வரும் குஞ்சுக்கு ஊட்ட ஆள் இருக்காது. இதை அம்மாவுக்குச் சொன்னபோது, "பாவம்" என்றாள். அப்புறம் அந்தக் கசகசாவைக் கூட்டியது நினைவுக்கு வந்து, "சாகட்டும்" என்றாள்.

இரண்டு ராத்திரி, இந்தியக் கடைகள் நிறைந்த பயனியர் புலவார்ட் பக்கத்தில் ஒரு மோட்டலில். தோசைக்குக் குறைவில்லை. இரண்டாம் ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடியதில்தான் ஃப்ளோரிடா விஷயம் கண்ணில் பட்டது. 2015 ஆகஸ்டில், பாம் சிட்டியில், இதே மாதிரி கூடாரம் பிரித்த வீட்டுக்குத் திரும்பிய ஒரு குடும்பம் நோயில் விழுந்தது. சிறுவன் ஒருவனுக்கு மூளையில் பாதிப்பு. கைகால் அசைவும் பேச்சும் போயிற்று. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். வீடு பாதுகாப்பானது என்று சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தார்கள். விசாரித்தபோது, வாயு போய்விட்டதா என்று அளக்க வேண்டிய கருவிகளே ஒழுங்கான நிலையில் இல்லை என்று தெரிந்தது. வழக்கு நடந்து, வேலை செய்தவர்கள் தரப்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2016-இல், நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் உள் தணிக்கைப் பிரிவே இந்த வேலையில் பயிற்சியும் கருவிச் சோதனையும் கண்டிப்பாக வேண்டும் என்று அறிக்கை எழுதியது. நம் பையனுக்குப் பதினொன்று என்ற எண்ணம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனால் அதைப் படித்ததில் ஒன்று விளங்கிற்று. அதுவரை எனக்கும், எங்கள் வாட்சாப் குழுவில் விசாரித்தவர்களுக்கும் இருந்த பயம் ஒரே பயம்தான்: தட்டு, டம்ளர், தலையணை உறை எல்லாவற்றையும் கழுவ வேண்டுமா? கழுவ வேண்டாம். இந்த வாயு பாத்திரத்தில் படலமாகப் படிவதில்லை, உள்ளே போன மாதிரியே வெளியே போய்விடும். திரும்பக் கரையான் வந்தால் தடுக்க வீட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பதும் அதனால்தான். மிஞ்சுவதானால் காற்றில்தான் மிஞ்சும். மெத்தை, ஃபோம், சுவருக்குள் வைத்த வெப்பத்தடுப்பு அட்டை இவற்றுக்குள் புகுந்தது மெல்ல மெல்லத்தான் கசிந்து வரும். வீட்டைப் பூட்டி வைத்தால் அளவு மறுபடி ஏறும். கலிஃபோர்னியாவில் கூடாரத்தைப் பிரிக்கும் முன்பே குழாயும் விசிறியும் வைத்துக் குறைந்தது 12 மணி நேரம் காற்றோட்டம் விட வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காக. அதற்குப் பிறகு மூச்சு விடும் உயரத்தில் அளந்து, பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆள் நுழையலாம். முன்பு இந்த வரம்பு 5-ஆக இருந்தது.

ஆக, நான் கொடுத்த 2,850 டாலரில் என் குடும்பத்தின் உடம்புக்கான காசு எது என்றால், அந்த அளக்கும் வேலைக்கான காசுதான்.

செவ்வாய்க்கிழமையே கம்பெனிக்கு எழுதினேன், அளவு எடுக்கும்போது நான் இருக்க வேண்டும் என்று. உள்ளே வர முடியாது, வாசலில் நின்று எண்ணைப் பார்க்கலாம், புதன்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. நியாயமான பதில். புதன்கிழமை 11:40-க்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் வீடு தயார். போன் பண்ணினால், வேலையாட்களுக்கு இன்னொரு வீடு தள்ளிப் போய்விட்டதாம், அதனால் முன்னாலேயே வந்து முடித்துவிட்டார்களாம்.

ஒரு மணிக்குப் போனோம். துணி இல்லை, கதவில் ஒரு தாள். தேதி, நேரம், உரிம எண், ஒரு கையெழுத்து. அளவு என்ற இடத்தில் ஒரே ஒரு பூஜ்யம். எந்த அறை என்று இல்லை. எங்கள் வீட்டில் நான்கு படுக்கையறை, இரண்டு குளியலறை, ஒரு கராஜ்.

உள்ளே சன்னல் எல்லாம் மூடியிருந்தது. எனக்கு வாசனை எதுவும் தெரியவில்லை. இவருக்கு எப்போதுமே தெரியாது, ரசம் தீய்ந்தாலும் தெரியாது. அம்மா நேரே தன் அறைக்குப் போய்ப் படுத்தாள். பத்து நிமிடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "கண்ணு கரிக்குட்டி. வெங்காயம் அரிஞ்ச மாதிரி." அப்புறம் இருமல். எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி, ஆனால் அது மூன்று ராத்திரித் தூக்கமில்லாத வலியாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண் எரிந்தால் வெளியேறு என்று தாளில் இருக்கிறது. எல்லோரையும் வாசல் புல்தரையில் உட்கார வைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் பண்ணினேன்.

"தூசியாக இருக்கும், துணி பிரிக்கும்போது கிளம்பும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். நான் மறுபடி அளக்க வேண்டும் என்றேன். பார்க்கிறோம் என்றார்கள். மூன்று தடவை கூப்பிட்ட பிறகு, 5:15-க்கு ஒரு இளைஞர் வந்தார்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு குழாய். ஒவ்வொரு அறையிலும் நின்று நிதானமாக அளந்தார், கருவியைச் சரிபார்த்த தேதி ஒட்டியிருந்ததைக் காட்டினார், தேதி சரியாகத்தான் இருந்தது. எல்லா அறையிலும் பூஜ்யம். இருக்காதா? எட்டு சன்னலும் இரண்டு கதவும் நான்கு மணி நேரம் திறந்து கிடந்த வீடு. அந்த நேரத்தில் அங்கே பூஜ்யம் வராமல் என்ன வரும்? பகல் ஒரு மணிக்கு அம்மா படுத்த கட்டிலுக்கு மேலே என்ன எண் இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சன்னலைத் திறந்தது நான்தான். வேறு வழியும் இல்லை.

காலையில் எந்தெந்த அறையில் அளந்தீர்கள் என்று கேட்டேன். எல்லா அறையிலும் என்றார். தாளில் ஏன் ஒரே எண்? எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரு தடவைதான் எழுதுவோம் என்றார். அம்மா அறையில் சுவருக்குள் பதித்த அலமாரியின் தள்ளுகதவு மூடியிருந்தது. நாங்கள் போகும்போது திறந்து வைத்துவிட்டு, போட்டோகூட எடுத்திருக்கிறேன். உள்ளே விருந்தாளி மெத்தை ஒன்று, ஃபோம் மெத்தை, சுருட்டி நிறுத்தியிருந்தது. கதவைக் காட்டினேன். "விசிறிக் காற்றில் மூடியிருக்கலாம்" என்றார். இருக்கலாம்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். கண் கரித்தது காவல் நாய் வாயு கொஞ்சம் தங்கியதால் இருக்கலாம், கொல்லும் வாயு அதற்குள் போயே இருக்கலாம். இரண்டும் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. அப்படியே தலைகீழாகவும் சொல்லலாம்: கண் எரியாததை வைத்து வீடு சுத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது. மூக்கையும் கண்ணையும் நம்ப முடியாது என்பதால்தானே கருவி.

நச்சுத் தடுப்பு மையத்துக்கு, 1-800-222-1222, புல்தரையில் இருந்தபடியே பேசியிருந்தேன். இந்தக் கதையில் ஐந்துக்கு ஐந்து வாங்குவது அங்கே போனை எடுத்த பெண்மணிதான். வாந்தி உண்டா, கைவிரல் மரத்திருக்கிறதா, நாக்கு குழறுகிறதா, மூச்சு எப்படி என்று அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் அம்மாவிடம் தமிழில் கேட்டுச் சொல்லும்வரை காத்திருந்தார். இன்று ராத்திரி அங்கே படுக்க வேண்டாம், மூச்சு திணறினால் உடனே மருத்துவமனை என்றார். மறுநாள் எங்கள் மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, இழுப்பு வழக்கமான அளவுதான் என்றார். அம்மாவுக்கு வேறு ஒன்றும் வரவில்லை. அந்தக் கூடுதல் ராத்திரிக்கு மோட்டல் 139 டாலர். கம்பெனி முதலில் முடியாது என்றது, அப்புறம் 100 கழித்துக்கொண்டது.

கவுண்டி விவசாய ஆணையர் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டேன். சிரிக்க வேண்டாம், இங்கே பூச்சிமருந்து என்றால் வீட்டுக் கூடாரமானாலும் தக்காளித் தோட்டமானாலும் களத்தில் பார்ப்பது அவர்கள்தான். யாருக்காவது இதே வேலை வரப் போகிறது என்றால், அளப்பதற்கு முன் வேலையாட்கள் எனக்குப் போன் செய்ய வேண்டும், அறைவாரியாக எண்ணும் நேரமும் தாளில் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு 11:40 குறுஞ்செய்திதான் கிடைக்கும். முதல் ராத்திரியே வீட்டில் படுக்கவும் வேண்டாம், குழந்தையோ இழுப்புக்காரரோ இருந்தால்.

வாயு எங்கே போனது என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். வெளியேதான் என்றேன். வெளியே என்றால்? மேலே. சுமார் 36 ஆண்டு காற்றிலேயே கிடக்குமாம், எடைக்கு எடை கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்குமாம். அமெரிக்காவில் இது வெளியேறுவதில் பெரும்பங்கு இந்த மாநிலத்துக் கூடாரங்களிலிருந்துதானாம். எங்கள் வீட்டுப் பங்கும் அதில் இருக்கிறது. துண்டுப் பிரசுரத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பாத்திரங்களைக் கழுவ வேண்டாம் என்று நான் சொன்னதை அம்மா கேட்கவில்லை. எவர்சில்வர் அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். 63 டப்பாவையும் பை பிரித்து அடுக்க நான்கு நாள் ஆயிற்று. மோர்மிளகாய் வாசனையோடு விபூதி முருகன் முன்னால் போயிற்று.

நேற்று கராஜ் சன்னலில் மறுபடி கசகசா. கரையான் செத்தாலும் மரத்துக்குள் சேர்ந்த பழைய எச்சம் மாதக்கணக்கில் உதிரும், அதை வைத்து உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது என்று கம்பெனி சொல்கிறது. அது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். எல்லாவற்றையும் கூட்டி எடுத்துவிட்டு, சன்னல் விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டி அதன்மேல் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அம்மா தினமும் காலையில் காப்பி டம்ளரோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். இன்றைக்கு ஏழு கசகசா என்றாள்.